ஈரிழைத் துண்டில் வெந்த இட்லி: பழங்காநத்தத்தில் ஒரு பெயரில்லாக் கடை

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பழங்காநத்தத்தில் மெயின் ரோட்டை விட்டு இரண்டு சந்து உள்ளே வந்தால், ஒரு தையல் கடையின் படிக்கட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட இட்லிக்கடை. சாயங்காலம் ஆறரைக்கு அடுப்பு பற்றும், பத்தரைக்கு மாவு தீரும். மதுரையில் இப்படிச் சந்துக்கு ஒன்று இருக்கிறது, ருசிக்காக யாரும் பஸ் ஏறி வரவேண்டாம். சட்னி சுமார். சாம்பார் அதற்கும் ஒரு படி கீழே. ஆனால் சாப்பாட்டில் நூறு நிபந்தனை வைக்கிற பிள்ளையை, அதிலும் ஆட்டிசம் மாதிரி ஏதாவது இருக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே ஒரு வாய் சாப்பிட இடம் தேடுகிறவர்கள் மேலே படியுங்கள்.

என் சின்ன மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம். பேச்சு கொஞ்சம்தான், சாப்பாடு அதைவிடக் கொஞ்சம். ஆறு வயதில் அவன் சாப்பிட்ட பொருட்கள் மொத்தம் ஏழு: இட்லி, வெள்ளைச் சோறு, தயிர், சேமியா, ஒரு குறிப்பிட்ட பால் பிஸ்கட், அப்பளம், முறுக்கு. எல்லாம் வெள்ளை, இல்லை வெளிர் மஞ்சள். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். தினமும் முந்நூறு விதமான சரக்குப் பெயரை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால் ஏழே ஏழு. சிரிப்பு வராத நாட்கள்தான் அதிகம்.

அந்த ஏழையும் நாலாக்கியது நாங்களேதான். யாரோ சொல்லி ஒரு உணவு ஆலோசகரிடம் போனோம். ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, பாலையும் கோதுமையையும் அடியோடு நிறுத்தினால் பிள்ளை பேச ஆரம்பித்துவிடுவான் என்றார். தயிர், சேமியா, பிஸ்கட் மூன்றும் போயின. கோதுமையை நிறுத்தச் சொன்ன அதே தாளில் முறுக்கு தாராளமாகத் தரலாம் என்று எழுதியிருந்தது. நாங்கள் வாங்கும் முறுக்கில் பெருங்காயம் மணக்கும். எங்கள் கடையில் விற்கிற பெருங்காயத்தில் பாதிக்கு மேல் கூட்டுப் பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்தில் இருந்து வரும் சுத்தப் பெருங்காயத்தைத் தனியாகப் போட்டால் காரம் தாங்காது என்று, பிசினும் மாவும் சேர்த்துத்தான் கட்டியாகவும் தூளாகவும் ஆக்குகிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா. டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் போட்டிருக்கும். இதைக்கூடத் தெரியாதவரிடம் ஆறாயிரம் கொடுத்தோம் என்பது எனக்கு அந்த முதல் வாரமே உறைத்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது.

மூன்று மாதத்தில் பத்தொன்பது கிலோ இருந்தவன் பதினேழு ஆனான். ஹீமோகுளோபின் 9.4. இந்த வயதுக்கு 11.5-க்குக் கீழே போனால் ரத்தசோகை. குழந்தை டாக்டர் திட்டிய திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பாலும் கோதுமையும் நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது, ஏற்கெனவே ஏழு பொருள் சாப்பிடுகிற பிள்ளையிடம் மூன்றைப் பிடுங்குவதுதான் நிஜமான ஆபத்து என்றார். சீலியாக், அதாவது கோதுமையில் இருக்கிற குளூட்டன் குடலைக் கெடுக்கிற நோய், இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, அதுவும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே. நிறுத்தின பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாமாம். மறுபடி பிஸ்கட் கொடுத்துப் பழக்கி, பரிசோதனை எடுத்து, ஒன்றும் இல்லை என்று வந்தது. சேமியா திரும்பி வரவே இல்லை. தயிரும்தான்.

அப்புறம் இன்னொரு தப்பு. இரும்புச்சத்து சிரப்பை அவனுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்தோம். ஒரே வாய். அதோடு ஐந்து மாதம் சோறு கிடையாது. நம்பிச் சாப்பிடுகிற பொருளில் மருந்தை ஒளிக்காதீர்கள் என்று தெரபிஸ்ட் அம்மா பிறகு சொன்னார். இப்போது சிரப்பைச் சிரிஞ்சில் அவன் கண் முன்னாலேயே எடுத்து, "இது மருந்து" என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். முகம் சுளிக்கிறான், குடித்துவிடுகிறான்.

இதே காலத்தில் வீட்டு இட்லியும் நின்றுபோனது. அது ஏன் என்றுதான் பிடிபடவில்லை. அம்மா காலத்துப் பழைய இட்லிக் கொப்பரையில் ஓட்டை விழுந்து, எண்ணெய் தடவி ஊற்றுகிற எவர்சில்வர் தட்டு வாங்கிய சமயம். மாவு அதே மாவு, அரிசி எங்கள் கடையில் இருந்தே வரும் அதே இட்லி அரிசி. தொட்டான், தள்ளினான். அலுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டோம்.

ஓட்டல்களையும் முயன்று பார்த்தோம். மதுரையில் கேட்காமல் ஊற்றுவதுதான் உபசாரம். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பதற்குள் சாம்பார் வாளி வந்துவிடும், வேண்டாம் என்று கை நீட்டுவதற்குள் இட்லி தலையில் ஒரு கரண்டி. அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் இவனுக்கு ஒரு சொட்டுப் பட்டால் அந்த இட்லி மட்டும் இல்லை, அந்த இலை, அந்த மேஜை, சமயத்தில் அந்தத் தெருவே முடிந்தது. ஒரு இடத்தில் பக்கத்து மேஜைக்காரர், "ரெண்டு போடு போட்டா தானா திம்பான்" என்று எனக்கு இலவசமாகச் சொன்னார். இது அடம் இல்லை. ஆர்ஃபிட் என்று ஒன்றை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013-லேயே சேர்த்தாகிவிட்டது, வாயிலும் கையிலும் படுகிற தன்மைக்காகவே சாப்பாட்டை ஒதுக்குவதும் அதில் ஒரு வகை. இவனுக்கு டாக்டர் அந்தப் பெயரை வைக்கவில்லை. ஆனாலும் அடம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் விட்டுவிட்டோம்.

சரி, கடைக்கு வருகிறேன்.

அம்மாவுக்குப் பார்சல் வாங்கப் போன ஒரு நாள், இவன் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கடைக்கார அக்கா ஒரு ஈட்டை இறக்கி, தட்டைக் கவிழ்த்து, துணியின் மேல் தண்ணீர் தெளித்து, ஒரு முனையைப் பிடித்து மெதுவாக உரித்தார். இட்லிகள் முதுகு தெரிய வரிசையாகக் கிடந்தன. இவன் இறங்கி நேராகப் போய் ஒன்றை எடுத்துக்கொண்டான். சுட்டிருக்கும். விடவில்லை. நான் பதறி, "மன்னிச்சுக்கங்கக்கா, இவன் கொஞ்சம்..." என்று இழுத்தேன். "சாப்பிடட்டும் தம்பி, இட்லிதானே" என்றார். அன்றைக்கு நின்றபடி மூன்று இட்லி. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதை எழுத வேண்டாம்.

இரண்டாம் நாளே முறை ஒன்று உருவாகிவிட்டது. சுவர் ஓரம் பெஞ்சின் கடைசி இடம் அவனுக்கு, முதுகு சுவரில் சாயும், பின்னால் யாரும் நடக்க மாட்டார்கள். எவர்சில்வர் தட்டில் வாழை இலை. வேறு சில கடைகளில் தடை வந்த பிறகும் தட்டு மேல் பிளாஸ்டிக் தாள் போடுகிறார்கள், அது வழுக்கினால் இவனுக்குப் பிடிக்காது. இங்கே முதலில் வெறும் இலை மட்டும் வரும். அவன் அதைத் தடவிப் பார்த்து, கிழிசல் இல்லை என்று திருப்தியானபின் இரண்டு இட்லி. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல். சட்னி வாளி அந்தப் பக்கமே வராது. இதை நான் ஒருமுறைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் நாள் பார்த்ததை வைத்து அக்காவே செய்தது.

இன்னொன்று, அவர் கெஞ்சமாட்டார். "ஒரு வாய், அக்காவுக்காக" கிடையாது. "சட்னி தொட்டுக்க ராசா" கிடையாது. சாப்பிட்டால் கைதட்டுவதும் கிடையாது. தெரபிஸ்ட் எங்களுக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு, சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளை பொறுப்பு. எங்களுக்கு அது தலைகீழாக நின்றாலும் வரவில்லை. அக்காவுக்கு அது குணமாகவே இருக்கிறது, இல்லை, ஒருவேளை நாற்பது பேர் காத்திருக்கும்போது கெஞ்ச நேரம் இல்லாததால்கூட இருக்கலாம்.

போன வருடம் ஆடி மாதம் நடந்ததைச் சொல்லாமல் இந்த விமர்சனம் நிறையாது. ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல இரண்டு இட்லி வந்தன. இவன் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தான். கட்டைவிரலால் அதன் முதுகில் ஒரு தடவை தேய்த்தான். வைத்துவிட்டான். அடுத்ததைக் கவிழ்த்தான், தேய்த்தான், இலையோடு சேர்த்துத் தள்ளிவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். எனக்கு வயிறு கலங்கியது. இருப்பதே இது ஒன்று, இதுவும் போயிற்றா?

"மாவு புளிச்சிருச்சோ" என்று அக்கா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். "நல்லாத்தானே இருக்கு." அப்புறம் அவன் செய்தது போலவே ஒரு இட்லியைக் கவிழ்த்துப் பார்த்தார். விளக்குக்கு நேராகப் பிடித்தார். "அட, இன்னைக்குத் துணிய மாத்துனேன்யா."

அதுவரை இட்லி வெந்தது ஈரிழைத் துண்டில். இரட்டை நூல் போட்டு நெய்ததால் இட்லியின் முதுகில் கட்டம் கட்டமாகத் தடம் பதியும், சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாக. துண்டு நைந்துபோனது என்று அன்றைக்கு மெல்லிய மல் துணி போட்டிருக்கிறார். முதுகு மழமழவென்று இருந்தது. அதுதான். எங்கள் வீட்டில் பழைய கொப்பரையிலும் துணி, புது எவர்சில்வர் தட்டில் வெறும் எண்ணெய். மாவையும் அரிசியையும் உப்பையும் பதினாலு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்த எங்களுக்குத் தோன்றவில்லை. அவன் நாக்கால் இல்லை, விரலால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அக்கா வேறு எதுவும் சொல்லவில்லை. பழைய துண்டில் கிழியாத பக்கமாக ஒரு சாண் வெட்டி, ஒரு குழியில் மட்டும் போட்டு ஊற்றினார். ஈடு வேக எட்டு, பத்து நிமிடம். காதில் வைத்த கையை எடுக்காமலே இவன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு இட்லி வந்தது, கவிழ்த்தான், தேய்த்தான், சாப்பிட்டான். மறுநாள் விளக்குத்தூண் பக்கம் போய் ஈரிழைத் துண்டு ஆறு வாங்கினேன், மூன்று அக்காவுக்கு, மூன்று வீட்டுக்கு. கஞ்சி போக நாலு தடவை அலசி, அம்மாவின் பழைய கொப்பரைக்கு ஈயம் வைத்து அடைத்து... இல்லை, அந்த அடைப்பு நிற்கவில்லை, கடைசியில் புதுக் கொப்பரையே வாங்கினோம். வீட்டில் இட்லி திரும்பியது. துண்டுக்கு அக்கா காசு கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அவர் இட்லிக்கு வாங்கமாட்டேன் என்று ஆரம்பித்ததால், இப்போது ரெண்டு பேரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். இட்லி ஒன்று எட்டு ரூபாய், எல்லோருக்கும் போல.

குறைகளுக்கு வருகிறேன், இருக்கின்றன.

கடை திடீரென்று மூடும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளையொட்டி மூன்று நாள், ஊரில் குலசாமி கும்பிடு என்றால் இரண்டு நாள். முன்கூட்டிச் சொல்லமாட்டார். முதல் வருடம் பூட்டின தகரத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் இவன் அழுத அழுகையில் தையல் கடைக்காரரே வேலையை விட்டு இறங்கி வந்துவிட்டார். இப்போது அக்காவின் பேத்தி முந்தின நாள் எனக்குப் போன் செய்கிறாள், வீட்டில் காலண்டரில் பூட்டுப் படம் ஒட்டிக் காட்டிவிடுகிறோம். நீங்கள் புதிதாகப் போனால் அந்தப் போன் உங்களுக்கு வராது, நேரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழரைக்கு மேல் போகாதீர்கள். பார்சல் கூட்டம், பைக் ஹாரன், சட்னிக்கு ஓடுகிற மிக்ஸி, எல்லாம் ஒரே நேரத்தில். ஆறே முக்காலுக்குப் போனால் முதல் ஈடு சூடாக இருக்கும், பெஞ்சும் காலி. கார்த்திகை, மார்கழிக் குளிரில் மாவு சரியாகப் பொங்காமல் இட்லி கொஞ்சம் கெட்டியாக வரும். இவன் சகித்துக்கொள்கிறான், உங்கள் பிள்ளை எப்படியோ. கை கழுவ ஒரு வாளியும் சொம்பும்தான்.

முக்கியமான எச்சரிக்கை இது. தெரபி சென்டரில் பழக்கமான ஒரு அம்மாவின் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், கூடவே சீலியாக். டவுன் உள்ள பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட இது வர வாய்ப்பு அதிகம் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்குக் கோதுமையை நிறுத்துவது நம்பிக்கை விஷயம் இல்லை, வாழ்நாள் முழுக்க அதுதான் வைத்தியம். "அண்ணே, அந்தக் கடையில இட்லி குடுக்கலாமா?" என்று கேட்டார். நான் மளிகைக்காரன் புத்தியோடு போய் ஒவ்வொன்றாக விசாரித்தேன். மாவு அரிசி, உளுந்து, வெந்தயம், வீட்டு கிரைண்டரில் அரைப்பது, அதில் வேறு எதுவும் அரைப்பதில்லை. சாம்பாரில் கூட்டுப் பெருங்காயம். இட்லிப் பொடியிலும் அதே. ஒரே தோசைக்கல்லில் ரவா தோசையும் கோதுமை தோசையும் போகிறது, ஒரே திருப்பி. அதனால் தோசை பக்கமே போகாதீர்கள் என்று சொன்னேன். தேங்காய்ச் சட்னி தாளிப்பிலும் சில நாள் ஒரு சிட்டிகை பெருங்காயம் விழுகிறது. இட்லி மட்டும், அதுவும் முதல் ஈடு, சட்னி வீட்டில் இருந்து. அந்த அம்மா அப்படித்தான் வாங்குகிறார். ஆனாலும் கோதுமை புழங்கும் இடம்தான். பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று போட வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று விதி, தெருக்கடையில் அதை யார் அளப்பது? சீலியாக் பிள்ளைக்கு இதை நான் முழுமனதோடு சிபாரிசு செய்யமாட்டேன்.

பெருங்காயத்தை மாற்றச் சொல்லி அக்காவிடம் கேட்டேன். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் வருகிறது, எங்கள் கடையில் விலை கூடுதல். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "மணம் பத்தல தம்பி, ஆளுக கேக்குறாங்க" என்று பழையதற்கே போய்விட்டார். வியாபாரம் அது. கோபிக்க ஒன்றும் இல்லை.

இப்போது நடப்பது கேழ்வரகு. பாலும் தயிரும் இல்லாத பிள்ளைக்குக் கால்சியத்துக்கு வழி என்ன என்று கேட்டதற்கு டாக்டர் சொன்னது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் நிறம்? வெள்ளைக்கு நடுவில் செங்கல் நிறத்தில் ஒன்று. ஒரு டம்ளர் மாவு வீட்டில் இருந்து கொண்டுபோனேன். அக்கா அதைத் தனிக் குழியில், அதே ஈரிழைத் துணியில் ஊற்றி, வெள்ளை இட்லிக்குப் பக்கத்தில், தொடாமல், இலை ஓரத்தில் வைத்தார். அவ்வளவுதான். சாப்பிடு என்று யாரும் சொல்வதில்லை. புதுப் பொருளைப் பத்துப் பதினைந்து தடவை காட்டினால்தான் சாதாரணப் பிள்ளைக்கே பழகும், இவனுக்கு எத்தனை தடவையோ என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தார். கடைக் காலண்டரில் கோடு போட்டு வந்தேன். ஏழு தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டாவது தடவை கவிழ்த்து முதுகைத் தேய்த்தான். கட்டம் இருந்தது. பத்தொன்பதாவது கோட்டன்று ஒரு கிள்ளு வாயில் போனது, உடனே வெளியே வந்தது. இருபத்தாறில் உள்ளேயே தங்கியது. இப்போது பாதி இட்லி போகிறது, மீதியை நான் சாப்பிடுகிறேன். எனக்குக் கேழ்வரகு அவ்வளவாகப் பிடிக்காது.

மதிப்பெண் கேட்டால் இட்லிக்கு ஐந்துக்கு மூன்றரை, சாம்பாருக்கு ஒன்றரை, அக்காவுக்கு ஐந்து. முதல் தடவை போகிறவர்கள் பிள்ளையைப் பெஞ்சின் சுவர்ப்பக்கம் உட்காரவைத்துவிட்டு, "எதுவும் ஊத்த வேண்டாங்கக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

போன செவ்வாய்க்கிழமை இவன் என் இலையில் இருந்த தேங்காய்ச் சட்னியை ஆள்காட்டி விரலால் தொட்டான். மோந்து பார்த்தான். பெஞ்சில் துடைத்தான். அக்கா இட்லி எடுத்துக்கொண்டே பார்த்துவிட்டு, பெஞ்சைத் துடைக்க என்னிடம் பழைய மல் துணியைத் தூக்கிப் போட்டார்.